மூலம்: கடையில் கூட்டம் குறைந்ததும் கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் மருந்துக் கடை நடத்துகிறேன். காய்ச்சல், தலைவலி என்று வருகிறவர்கள் சத்தமாகவே கேட்பார்கள். மூலத்துக்கு மருந்து வாங்க வருகிறவர் மட்டும் ஓரமாக நிற்பார். பக்கத்தில் நிற்பவர் சில்லறை வாங்கிக்கொண்டு போகும் வரை அலமாரியையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் மெதுவாக, “அண்ணாச்சி, உக்காரவே முடியல” என்பார். மீதியை நான் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

அப்படி வந்தவர்களிடம் அவசரத்தில் பாதி பாதியாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. எந்தக் கட்டத்தில் டாக்டரிடம் போயே ஆகவேண்டும் என்பதையும் அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

மூலம் என்றால் உள்ளே என்ன ஆகிறது?

ஆசனவாய்க்குள் இரத்தக் குழாய்கள் நிறைந்த, மெத்தை போன்ற சதை பிறவியிலேயே எல்லோருக்கும் உண்டு. வாயுவும் மலமும் நம்மை அறியாமல் கசிந்துவிடாதபடி அடைத்து வைக்க அது உதவுகிறது. மலம் கட்டியாகி, தினமும் முக்கி முக்கிப் போகும்போது அந்தச் சதையில் இரத்தம் தேங்கி வீங்குகிறது. அதைப் பிடித்து வைத்திருக்கும் திசுவும் தளர்ந்து, சதை கீழே இறங்குகிறது.

உள்மூலத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. மலம் போனபின் நல்ல சிவப்பாக இரத்தம் சொட்டும், அல்லது பீங்கானில் தெறித்திருக்கும். இதை டாக்டர்கள் 4 நிலையாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் இரத்தம் மட்டும். இரண்டாவதில் சதை வெளியே வந்து தானே உள்ளே போகும். மூன்றாவதில் விரலால் தள்ளினால்தான் போகும். நான்காவதில் தள்ளினாலும் போகாது. கீழே சொல்லும் வீட்டுக் கவனிப்பு முதல் இரண்டு நிலைக்கு நன்றாகவே கைகொடுக்கும். வெளிமூலம் ஆசனவாயின் வெளி ஓரத்தில் வருவது. அங்கே தோலுக்கு உணர்ச்சி அதிகம் என்பதால் வலிக்கும், அரிக்கும்.

வலியில் உயிர் போகிறது. இதுவும் மூலம்தானா?

மலம் போகும்போது கண்ணாடிச் சில்லால் கீறியதுபோல வலித்து, அதற்குப் பிறகும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் எரிந்துகொண்டே இருந்தால் அது அனேகமாக வெடிப்பு. ஆசனவாய்த் தோல் கிழிந்திருக்கும். ஆசனவாய்க்குப் பக்கத்தில் சிறு துளை விழுந்து சீழ் கசிந்தால் அது பௌத்திரம். சுவர் விளம்பரங்களில் மூலம், பௌத்திரம் என்று ஒரே மூச்சில் எழுதி வைப்பதால் இரண்டும் ஒன்று என்று நிறையப் பேர் நினைத்துவிட்டார்கள். வெடிப்புக்கும் மூலத்துக்கும் வீட்டுக் கவனிப்பு ஏறக்குறைய ஒன்றுதான். பௌத்திரம் ஆயின்மென்டில் ஆறாது, டாக்டர் பார்த்தே ஆகவேண்டும்.

சூட்டினால்தான் மூலம் வருகிறது என்கிறார்களே?

நம்ம ஊரில் எதைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் “சூடு”தான். இதில் பாதி உண்மை இருக்கிறது. அக்னி நட்சத்திர வெயிலில் வியர்வையாகத் தண்ணீர் போய்விடுகிறது. குடிப்பது போதவில்லை என்றால் பெருங்குடல் மலத்திலிருந்து கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிக்கொள்ளும். மலம் ஆட்டுப் புழுக்கை போல உருண்டு இறுகிவிடும். பிறகு முக்கல், பிறகு இரத்தம். எண்ணெய் தேய்த்துக் குளித்தால் உடம்புக்கு இதம்தான், நானும் சனிக்கிழமை குளிக்கிறவன். ஆனால் தலையில் வைக்கிற எண்ணெய் உள்ளே இறுகிய மலத்தை இளக்காது. அதற்குத் தண்ணீர் வேண்டும். வெயில் காலத்தில் நாளுக்கு இரண்டரை, மூன்று லிட்டர். சிறுநீரகக் கோளாறு, இதயக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மிளகாய்க் காரம் மூலத்தை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே வெடிப்போ வீக்கமோ இருந்தால் எரிச்சல் கூடும், அதனால் ஆறும்வரை குறைத்துக்கொள்ளலாம்.

கக்கூஸில் எவ்வளவு நேரம் உட்காரலாம்?

5 நிமிடம். அதற்குள் வரவில்லை என்றால் எழுந்துவிட வேண்டும், பிறகு உந்துதல் வரும்போது போய்க்கொள்ளலாம். கேட்கச் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் கடைக்கு வரும் வாலிபப் பையன்களில் பெரும்பாலோருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: செல்போனை வெளியே வைத்துவிட்டுப் போ தம்பி. போனைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்காரும்போது ஆசனவாய்க்குக் கீழே தாங்கல் இல்லாமல், அந்தச் சதைக்குள் இரத்தம் இறங்கி நிற்கிறது. முக்கவே இல்லை என்றாலும் வீங்கும்.

உந்துதல் வரும்போது அடக்குவதும் தப்பு. காலையில் எழுந்து ஏதாவது சூடாகக் குடித்தாலோ சாப்பிட்டாலோ குடல் தானாக அசையும். கருப்பட்டிக் காப்பி குடித்ததும் வயிறு கூப்பிடுகிறது என்பார்களே, அதுதான். அந்த நேரத்தில் பஸ்ஸைப் பிடிக்க ஓடினால், மறுபடி அந்த அழைப்பு வர அடுத்த நாள்கூட ஆகலாம். கால் மணி நேரம் முன்னதாக எழுந்தால் தீர்ந்துபோகிற விஷயம்.

குத்தவைத்து உட்காரும் பழைய முறை நல்லது. தொடை வயிற்றோடு மடங்கும்போது குடலின் கடைசி வளைவு நேராகி, மலம் எளிதாக இறங்கும். முழங்கால் வலியால் வெஸ்டர்ன் கழிப்பறைக்கு மாறியவர்கள், காலுக்கடியில் முக்கால் அடி உயரத்துக்கு ஒரு முக்காலி போட்டுக்கொண்டு கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் கிட்டத்தட்ட அதே பலன்.

நாள் முழுக்க உட்கார்ந்து பீடி சுற்றுகிறேன். என்ன செய்வது?

முக்கூடல் பக்கத்திலிருந்து வரும் ஒரு அக்கா கேட்டது. காலையில் சுளகை மடியில் வைத்தால் இருட்டும்வரை இறக்கமாட்டார்கள். “எந்திரிச்சா எண்ணிக்கை குறையும் அண்ணாச்சி” என்றார்கள். கொஞ்சம் பேசியபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது. ஒன்றுக்குப் போக எழுந்திரிக்க வேண்டியிருக்கும் என்று மதியம்வரை தண்ணீரே குடிப்பதில்லையாம். மலம் கல்லாகாமல் என்ன செய்யும்?

அவர்களிடம் சொன்னது: சுளகுக்குப் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் இருக்கட்டும். 25 பீடி ஒரு கட்டு. 4 கட்டு முடிந்ததும் எழுந்து, வாசல்வரை நடந்து, ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காருங்கள். அதற்கு ஆகும் நேரத்தில் கொஞ்சம் பீடி குறையலாம், ஆனால் மாதாமாதம் என்னிடம் ஆயின்மென்டுக்குக் கொடுக்கும் காசு மிச்சமாகும். இரண்டு மாதம் கழித்து வந்தபோது ஆயின்மென்ட் கேட்கவில்லை, பேரனுக்கு இருமல் மருந்து வாங்கிப் போனார்கள்.

பத்தமடையில் பாய் நெய்கிறவர்களுக்கும், ஆட்டோ, பஸ் ஓட்டுகிறவர்களுக்கும், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். மணிக்கு ஒரு முறை எழுந்திருக்க வேண்டும். வ.உ.சி. மைதானத்தில் காலையில் நடக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அப்படி அரை மணி நேரம் நடந்தால் குடலும் கூடவே நடக்கும். மூச்சை அடக்கிக் கனமான மூட்டை தூக்குவதைத் தவிர்க்கப் பாருங்கள். தூக்கியே ஆகவேண்டும் என்றால் மூச்சை விட்டுக்கொண்டே தூக்குங்கள்.

என்ன சாப்பிட வேண்டும்?

நாளுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து தேவை. ஒரு தட்டு வெள்ளைச் சோற்றில் 2 கிராமைச் சுற்றித்தான் கிடைக்கும். மூன்று வேளையும் இட்லி, சோறு, தோசை என்றே போனால் கணக்கு இடிக்கும். ஆனால் இதற்காக ஓட்ஸ் பாக்கெட் வாங்க வேண்டியதில்லை. நம் ஆச்சிமார் சமையலிலேயே எல்லாம் இருக்கிறது.

கறுப்பு உளுந்தைத் தோலோடு போட்டுப் பொங்கும் உளுந்தஞ்சோறு, கூட எள்ளுத் துவையலும் அவியலும். முருங்கைக்கீரையும் காயும் பருப்பும் சேர்ந்த கூட்டாஞ்சோறு. சொதி வைக்கும்போதும் தேங்காய்ப்பாலை மட்டும் ஊற்றிக்கொள்ளாமல் காயை அள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். அவித்த சிறுபயறு, தட்டப்பயறு, காணம் (கொள்ளு) இவற்றில் ஏதாவது ஒன்று தினம் ஒரு கிண்ணம். காணம் சூடு என்று ஒதுக்குகிறார்கள். தண்ணீர் சேர்த்துக் குடித்தால் ஒதுக்கத் தேவையில்லை. தை மாதத்தில் பனங்கிழங்கு வந்துவிடும். கடிக்கும்போதே பல்லில் மாட்டும் அந்த நார்தான் நமக்கு வேண்டியது. சிறுகிழங்கும் அப்போதுதான் வரும். கொய்யாவை விதையோடு தின்னுங்கள். களக்காடு பக்கம் விளைகிற வாழைப்பழம் இங்கே எல்லாப் பெட்டிக்கடையிலும் தொங்குகிறது. நன்றாகப் பழுத்ததாகப் பார்த்து ராத்திரி ஒன்று, இரண்டு.

ஒன்று மட்டும் கவனம். இதுவரை நாரே சேர்க்காதவர் ஒரே நாளில் இத்தனையும் சாப்பிட்டால் வயிறு உப்பி, வாயு பிடித்து, “அண்ணாச்சி சொன்னதைக் கேட்டுக் கெட்டேன்” என்று வருவார். இரண்டு வாரம் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், தண்ணீரையும் கூடவே கூட்டுங்கள். தண்ணீர் இல்லாத நார் அடைப்பைத்தான் கூட்டும்.

பரோட்டா, கோழி, அல்வா எல்லாவற்றையும் விட வேண்டுமா?

வேண்டாம். கோழி தின்றால் மூலம் வரும் என்பார்கள். கோழி மேல் குற்றமில்லை. கூட வரும் 4 பரோட்டாவில் நார் மிகக் குறைவு, பக்கத்தில் காய் என்று பார்த்தால் வெங்காயம் மட்டும். செங்கோட்டைப் பக்கம் போனால் சாப்பிடத்தான் செய்வோம். அன்றைக்கு இரண்டோடு நிறுத்தி, மறுவேளை கீரையும் பயறுமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அல்வாவும் அப்படித்தான்: சம்பா கோதுமையை அரைத்துப் பாலை மட்டும் எடுத்து, சக்கையைப் பிழிந்து எறிந்துவிட்டுத்தான் கிண்டுகிறார்கள். எறிந்த சக்கையில்தான் நார் இருந்தது. எப்போதாவது ஒரு துண்டு என்றால் பாதகமில்லை. சாராயம் உடம்பில் உள்ள தண்ணீரை இறைத்துவிடும். அதைக் கண்டிப்பாக விடத்தான் சொல்வேன்.

இசப்கோல் தினமும் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். அது ஒரு விதையின் மேல்தோல், நார்தான், குடலைத் தூண்டிவிடும் மருந்து கிடையாது. ராத்திரி ஒரு பெரிய தம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் போட்டு, கெட்டியாவதற்குள் குடித்துவிட்டு, மேலே இன்னொரு தம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். தேவைப்பட்டால் இரண்டு டீஸ்பூன் வரை கூட்டலாம். வெறும் வாயில் போட்டு ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கினால் தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும். வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். மலம் இளக இரண்டு மூன்று நாள் ஆகும், இரத்தம் குறையச் சில வாரம் ஆகும். நான்கு நாளில் கேட்கவில்லை என்று டப்பாவைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்களிடம் இதைத்தான் மன்றாடிச் சொல்கிறேன்.

பேதிக்குப் போகும் சூரணங்கள்?

மலச்சிக்கலுக்கு விற்கும் பல சூரணங்களில் முக்கியமான சரக்கு நிலாவாரை இலை. இதில் நமக்கு ஒரு பெருமையும் உண்டு. இந்தச் செடி நம் கரிசல், மானாவாரி நிலங்களில் விளைந்து வெளிநாட்டுக்குப் போனதால், உலக மருந்து நூல்களில் அதன் பெயரே ‘திருநெல்வேலி சென்னா’. நல்ல மருந்துதான். ராத்திரி சாப்பிட்டால் காலையில் வேலை செய்யும். ஆனால் அது குடலைத் தூண்டிவிடும் வகை. எப்போதாவது ஒரு நாள், இரண்டு நாளுக்கு உரியது. வருஷக்கணக்கில் தினமும் கரைத்துக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் டாக்டரிடம் காட்டி, மெதுவாக நாருக்கும் தண்ணீருக்கும் மாறுவது நல்லது.

வெந்நீரில் உட்காருவது எப்படி?

அகலமான பிளாஸ்டிக் டப் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பின் கீழ்ப்பாகம் மூழ்கும் அளவு தண்ணீர். கையை விட்டால் இதமாக இருக்க வேண்டும், சுடக்கூடாது. 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை, முக்கியமாக மலம் போனபிறகு. இறுகிக்கிடக்கும் ஆசனவாய்த் தசை வெதுவெதுப்பில் தளரும், வலி இறங்கும். டெட்டால் ஊற்றாதீர்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட் போட்டுத் தோலைப் பொசுக்கிக்கொண்டு வந்தவரைப் பார்த்திருக்கிறேன். வெறும் தண்ணீர் போதும். பிறகு பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். அந்த இடத்துக்கு சோப்பும் வேண்டாம்.

திடீரென்று நீலமாக ஒரு கட்டி வந்திருக்கிறது. உட்கார முடியவில்லை.

வெளிமூலத்துக்குள் இரத்தம் உறைந்தால் அப்படி வரும். முதல் இரண்டு மூன்று நாள்தான் வலி உச்சத்தில் இருக்கும். 72 மணி நேரத்துக்குள் போனால் டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு அதை எடுத்துவிட முடியும், வலி சட்டென்று குறையும். அதற்குமேல் என்றால் பெரும்பாலும் தானாகவே ஒரு வாரம் பத்து நாளில் வலி தணியும், கட்டி முழுதாக வற்றச் சில வாரம் ஆகும். துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிடம், வெந்நீர், பாராசிட்டமால், ஒருக்களித்துப் படுத்து ஓய்வு. நீங்களே ஊசியால் குத்தி விடாதீர்கள்.

ஆயின்மென்டை எத்தனை நாள் போடலாம்?

ஸ்டீராய்டு கலந்தது என்றால் ஒரு வாரத்துக்கு மேல் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது, தோல் மெலிந்துவிடும். ஆயின்மென்ட் அரிப்பையும் எரிச்சலையும் தணிக்கும், அவ்வளவுதான். அதை விற்று வாழ்கிறவன் சொல்கிறேன்: மலம் இளகாதவரை எந்த ட்யூபும் உங்கள் மூலத்தைத் தீர்க்காது.

துத்திக்கீரை, கருணைக்கிழங்கு?

உணவாகச் சாப்பிடுவதற்குத் தடையில்லை, இரண்டிலும் நார் உண்டு. கருணைக்கிழங்கைப் புளி விட்டு நன்றாக வேகவைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாக்கு அரிக்கும். துத்தியிலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டுவது பழைய வழக்கம். இளஞ்சூடு இதம் தரும். புண்ணோ இரத்தக் கசிவோ இருந்தால் கட்டாதீர்கள். சித்த நூல்கள் மூலத்தை 21 வகையாகப் பிரித்துப் பேசுகின்றன. அந்த வழியில் பார்க்க விரும்பினால் 1964 முதல் இயங்கும் அரசு சித்த மருத்துவக் கல்லூரி பாளையங்கோட்டையிலேயே இருக்கிறது. படித்தவர்கள் கையில் போய்க் காட்டுங்கள்.

ஆபரேஷன் இல்லாமல் ஒரே ஊசியில் சரியாகும் என்று போஸ்டர் பார்த்தேன்.

போகாதீர்கள். என் சித்தப்பா போனார். லாட்ஜ் அறையில் வாரம் ஒரு நாள் வந்து பார்த்த ஒருவர், என்ன மருந்து என்றுகூடச் சொல்லாமல் ஊசி போட்டார். பத்தாம் நாள் புண்ணாகி, ஆறியபோது வழியே சுருங்கிவிட்டது. மலம் சுண்டுவிரல் கனத்தில்தான் வரும். பிறகு அதற்குத் தனியாக அறுவை செய்ய வேண்டியதாயிற்று. யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டுத்தான் அங்கே போயிருக்கிறார். தெருவுக்குள்ளேயே மருந்துக் கடை வைத்திருந்த என்னிடம்கூடச் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. மூலத்துக்கு ஊசி முறை மருத்துவத்தில் உண்டு. அதைச் செய்ய வேண்டியவர் படித்த அறுவை மருத்துவர்.

கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும்?

கடைசி மூன்று மாதத்தில் வருவது சகஜம், பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் வற்றிவிடும். இரும்புச்சத்து மாத்திரை மலத்தை இறுக்கும், கறுப்பாகவும் ஆக்கும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக்கூடாது, நாரும் தண்ணீரும் கூட்ட வேண்டும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பது நல்லது. டாக்டரைக் கேட்காமல் எந்த மருந்தும், பேறுகால லேகியம் உட்பட, வேண்டாம்.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்று சொல்லி, காயையும் நிறுத்தி, பூண்டும் சோறுமாகக் கொடுக்காதீர்கள். தையல் போட்ட இடத்தோடு அவள் முக்கிச் சாகிறாள். பால் கொடுக்கிறவளுக்கு மற்றவர்களைவிடத் தண்ணீர் அதிகம் வேண்டும்.

குழந்தைக்கு மலத்தில் இரத்தம் வந்தால்?

குழந்தைகளுக்கு மூலம் அரிது. இறுகிய மலத்தால் வந்த வெடிப்பாகத்தான் பெரும்பாலும் இருக்கும். இருந்தாலும் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

இரத்தம் வந்தால் ஒரு தடவையாவது காட்டிவிடுவதுதான் சரி. மூலம்தான் என்று நாமே முடிவு கட்டிக்கொண்டு, பெருங்குடல் புற்றுநோயைக் கவனிக்காமல் விட்டவர்கள் உண்டு. 45 வயதைத் தாண்டியவர்கள், குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்தவர்கள், எடை குறைகிறவர்கள், மலம் போகும் வழக்கம் சில வாரமாக மாறிப்போனவர்கள், இரத்தம் மலத்தோடு கலந்து வருகிறவர்கள், சோகை பிடித்தவர்கள் தள்ளிப்போடவே கூடாது. தார் போலக் கறுத்து, பிசுபிசுத்த மலம் வந்தால் வயிற்றுக்குள் மேலே எங்கோ கசிகிறது என்று அர்த்தம், அன்றைக்கே போங்கள். இரத்தம் நிற்காமல் போய்த் தலை சுற்றினாலோ, வெளியே தள்ளிய சதை உள்ளே போகாமல் கறுத்து வலித்தாலோ, வலியோடு காய்ச்சல் அடித்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். முந்தின நாள் பீட்ரூட் சாப்பிட்டிருந்தால் மலம் சிவக்கும், அதையும் நினைவில் வையுங்கள்.

டாக்டர் அங்கே என்ன செய்வார்? பெண் டாக்டரைக் கேட்கலாமா?

கேட்கலாம். அரசு ஆஸ்பத்திரியில் ஆண் டாக்டர் பார்த்தாலும் நர்ஸ் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இங்கே ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் அறுவைப் பிரிவு ஓ.பி.யில் பார்ப்பார்கள். இடது பக்கம் ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுக்கச் சொல்வார்கள். கையுறை போட்ட விரலில் ஜெல் தடவிப் பார்ப்பார்கள், பிறகு சிறிய குழாய் ஒன்றை வைத்துப் பார்ப்பார்கள். ஒன்றிரண்டு நிமிட வேலை. வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் தசை தளரும். உள்மூலத்துக்குப் பெரும்பாலும் அடியில் ரப்பர் வளையம் மாட்டுவார்கள். ஒரு வாரம் பத்து நாளில் சதை காய்ந்து தானே விழும். எல்லோருக்கும் கத்தி வைப்பதில்லை.

எத்தனை நாளாக இரத்தம் வருகிறது, வலி உண்டா, சதை தள்ளுகிறதா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் அதை முதலில் எழுதுங்கள். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் தாளை நீட்டிவிடலாம். என் கடையிலும் அப்படித் தாளை நீட்டுகிறவர்கள் உண்டு. படித்துவிட்டு, நானும் மெதுவான குரலில்தான் பதில் சொல்வேன்.